மூன்றாம் தரமும் மைதானத்துக்கு வராத அணி

உதைபந்தாட்ட அணிப் பொறுப்பாளர் எண்டு ஜெர்மனியில ஒருத்தனைச் சொன்னால், தோத்துப்போன பதினொரு பேரின்ர சேத்துச் சட்டையை வீட்டு மெசினில போட்டுத் தோய்க்கிற ஆள் எண்டு விளங்கிக்கொள்ளுங்கோ.

நான் எசன் நகரத்தில ஒரு தொழில்நுட்பக் கல்லூரியில கட்டடம் பராமரிக்கிற வேலை. பல்ப் மாத்துவன், கதவுப் பூட்டுத் திருத்துவன். அங்க படிக்கிற எங்கட பிள்ளையள் ஒருநாள் வந்து, "அங்கிள், கல்லூரி அணி எண்டு பதியிறதுக்கு இங்க வேலை செய்யிற ஒருத்தரின்ர கையெழுத்து வேணுமாம்" எண்டு கேட்டினம். கையெழுத்துத்தானே எண்டு போட்டன். அடுத்த கிழமை பந்து, கொடி, சட்டை மூட்டை எல்லாம் என்ர காருக்குள்ள. கோயில் திருவிழாவுக்கு வான் ஓட்டச் சம்மதிச்சவை, தமிழ்ப் பள்ளிக்கூட விழாவுக்குக் கதிரை அடுக்கப்போய் மாட்டுப்பட்டவை, உங்களுக்கு இது விளங்கும். விளங்காத ஆக்களிட்டச் சொல்லி அழுது பிரயோசனமில்லை.

ஆறு பேர்

எங்கட லீக்கில ரண்டு சட்டம் இருக்கு. ஏழு பேராவது நிண்டால்தான் ஆட்டம் தொடங்கலாம். ஒரு சீசனில மூண்டு தரம் வராமல் விட்டால் அணியின்ர பேரை வெட்டிப்போடுவினம். வெட்டினால் அதுவரைக்கும் ஆடினது ஒண்டும் செல்லாது. முதல் தரம் தவறினது பரீட்சைக் காலத்தில. சனிக்கிழமை காலமை மைதானத்தில ஆறே ஆறு பேர்.

அண்டைக்கு யோகண்ணை வந்திருந்தவர். அணித் தலைவன் ஆரூரனின்ர தகப்பன். நானும் அவரும் ஒரே அகதி முகாமில ஒரே அறையில கிடந்த ஆக்கள். அந்த மாரிக்கு முன்னம்தான் அவருக்குக் கணையத்தில புற்றுநோய் எண்டு சொல்லியிருந்தவை. யாழ்ப்பாணத்தில அவரும் தன்ர கல்லூரி அணிக்கு ஆடினவர். சீசன் பாதியில கல்லூரிக்குள்ள அகதியள் வந்து நிரம்ப, ஆட்டம் நிண்டதோட சரி. "அருள், ஒரு சீசன் முதலிலயிருந்து முடிவுவரைக்கும் நான் கண்டதேயில்லை. இவன்ர சீசனை ஒருக்கா முழுசாப் பாத்திட்டுப் போறன்" எண்டு என்னட்ட அடிக்கடி சொல்லுவார். கடைசி இடமெண்டாலும் காரியமில்லையாம், முடிவுப் பட்டியலில பேர் இருந்தால் காணுமாம்.

ஆறு பேரைக் கண்டதும் மனுசன் ஜாக்கெட்டைக் கழட்டத் தொடங்கிட்டார். "எனக்கொரு சட்டை தா. ஒரு மூலையில நிண்டால் காணும்தானே." சிப்பைக் கழட்ட ஏலாமல் நிக்கிறார். நான் போய்ச் சிப்பைத் திரும்ப மேல இழுத்துவிட்டன். நடுவர் மணிக்கூட்டைப் பாத்தார், அவரைப் பாத்தார், பிறகு என்னட்டச் சொன்னார்: "ஆட்டம் இல்லை. முதல்ல அந்த மனுசனை எங்கையாவது இருத்துங்கோ."

எல்லாரும் ஒரே மண்டபத்தில

எங்கட சனம் "ஏலாது" எண்டு சொல்லாது. வாட்ஸ்அப்பில கேட்டால் எல்லாரும் "வாறன்". ரண்டாம் தரம் தவறின சனிக்கிழமைக்கும் பதினாலு பேர் "வாறன்" போட்டவை. நான் பட்டியலை யோகண்ணைக்கும் அனுப்பி, "பாத்தியளோ, பதினாலு" எண்டு பெருமையடிச்சன்.

எங்கட கோல்காப்பாளரின்ர தங்கச்சிக்கு அண்டைக்குத்தான் சாமத்தியவீடு, பெரியபிள்ளையான சடங்கு. மண்டபத்துக்குள்ள போய்ப் பாத்தால், கோட்டும் சூட்டும் போட்டபடி எங்கட முழு அணியும் வரிசையாக நிண்டு ரோல்ஸ் சாப்பிடுது. ஒவ்வொருத்தனும் "நான் ஒருத்தன் வராட்டிக் காரியமில்லை" எண்டு நினைச்சு வந்திருக்கிறான். சரி, அவங்களை விடுங்கோ. மூதேவி நான் ஏன் அங்க நிண்டனான்? நானும் அதே யோசினையோடதான் போனனான். பொறுப்பாளர் ஒருநாள் இல்லாட்டி என்ன, பெடியள் பாத்துக்கொள்ளுவாங்கள்.

சொன்ன சொல்லுக்கு வந்து நிண்டவன் ஒரே ஒருத்தன். கோயம்புத்தூரிலயிருந்து மேல்படிப்புக்கு வந்த கார்த்திக். எங்கட சொந்தபந்தம் ஒண்டும் இல்லாததால அவனை ஒருத்தரும் சாமத்தியவீட்டுக்குக் கூப்பிடேல்லை. ஆராத்தி நடக்கேக்க எனக்குப் போன் எடுத்தான்: "அங்கிள், கிரவுண்ட்ல நான் மட்டும்தான் நிக்கிறேன். எதிர் டீம்காரங்க பாவம்னு எனக்கு டீ ஊத்திக் குடுத்திருக்காங்க."

முழங்காலில பட்ட கோல்

ரண்டு தரம் போச்சு. இனி ஒருக்கால் தவறினால் கதை முடிஞ்சுது. நான் வீடு வீடாப் போய்ப் பெடியளை எழுப்பி ஏத்தத் தொடங்கினன். காய்ச்சல் எண்டவனுக்கு மாத்திரை குடுத்து ஏத்தினன். காதலியோட சண்டை எண்டவனைக் காதலியோடயே ஏத்தினன். பின்னேரம் அவளும் வந்து எனக்குச் சட்டை மடிச்சுத் தந்தவள்.

பங்குனி மாதத்தில ஒரு சனிக்கிழமை யோகண்ணையை ஆஸ்பத்திரியில ரண்டு மணித்தியாலம் வெளியில விட்டவை. காரைக் கோட்டுக்குக் கிட்டக் கொண்டுபோய் நிப்பாட்டி, கண்ணாடியை இறக்கி, போர்வையால சுத்தி வைச்சன். மழை. எழுபதாவது நிமிசம் ஒரு கோர்னர். ஆரோ அடிச்ச பந்து ஆரோ ஒருத்தனில பட்டு, வழுக்கி விழுந்துகொண்டிருந்த ஆரூரனின்ர முழங்காலில பட்டு, மெதுவா உருண்டு கோட்டைத் தாண்டினது. அவ்வளவு வடிவில்லாத கோலை நான் என்ர வாழ்க்கையில காணேல்லை. ஒண்டுக்குப் பூச்சியம். அந்த சீசனில நாங்கள் வெண்ட ஒரேயொரு ஆட்டம்.

ஆரூரன் ஓடிவந்து யன்னலுக்குள்ளால தலையை விட்டுத் தகப்பனைக் கட்டிப்பிடிச்சான். காருக்குள்ள முழுக்கச் சேறு. நான் ஏசேல்லை. மனுசன் அழுதார். பிறகு என்ர கையைப் பிடிச்சார், பிடியில ஒரு பலமும் இல்லை. "இன்னும் நாலு ஆட்டம் கிடக்கு அருள். நான் இருந்தாலென்ன, இல்லாட்டியென்ன, ஒண்டையும் விட்டிடாதை."

செத்தவீட்டில ரண்டு தேத்தண்ணி

அடுத்த மூண்டு ஆட்டமும் தோத்தம். ஆனால் நிண்டு தோத்தம். கடைசி ஆட்டத்துக்கு ஒன்பது நாள் இருக்க யோகண்ணை செத்துப்போனார். இங்க சாவுக்கும் ரெர்மின், அதுதான் நேரம் பதிஞ்சு, எடுக்கவேணும். தகனத்துக்குக் கிடைச்சது வெள்ளிக்கிழமை ரண்டு மணி. சனிக்கிழமை மைதானம் இல்லையெண்டு கடைசி ஆட்டத்தையும் அதே வெள்ளி மூண்டு மணிக்கு மாத்தியிருந்தவை. எதிர் அணி நல்ல சனம். "தள்ளிவைப்பம், எங்களுக்குப் பிரச்சினையில்லை" எண்டு உடன சொல்லிட்டினம். லீக் அலுவலகத்தில இருந்த பெண்ணும் நல்லாத்தான் கதைச்சவ. அனுதாபம் சொன்னா. விண்ணப்பத்தோட மரணச் சான்றிதழின்ர ஒரு கொப்பி புதன்கிழமை பன்னிரண்டு மணிக்குள்ள வந்தால் போதுமாம்.

செவ்வாய் பின்னேரம் அதுக்கெண்டே செத்தவீட்டுக்குப் போனன். சனம் நிறைஞ்சு கிடக்கு. ஆரூரன் ஆரோ பெரியவரோட பூசைச் சாமான் பற்றிக் கதைச்சுக்கொண்டு நிக்கிறான். மலர் அக்கா, யோகண்ணையின்ர மனிசி, அழுது களைச்சுப்போய்ச் சுவரோட சாய்ஞ்சிருக்கிறா. "அக்கா, பந்தடிக்கு வேணும், அண்ணையின்ர மரணச் சான்றிதழ் ஒண்டு தாங்கோ." இதைக் கேக்கலாமோ? நீங்கள் கேட்டிருப்பியளோ? நான் ஒரு தேத்தண்ணி குடிச்சன். நாளைக்குக் கேப்பம் எண்டு நினைச்சன். நாளைக்குப் பன்னிரண்டு மணி எண்டதும் ஞாபகம் வந்தது. ரண்டாவது தேத்தண்ணியும் குடிச்சன். எழும்பிப்போய் அக்காவுக்கு முன்னால நிண்டன். வாயைத் திறந்தன். "சாப்பிட்டியளோ அக்கா" எண்டுதான் வந்தது.

அக்கா என்ர முகத்தையே பாத்துக்கொண்டிருந்தா. பிறகு கேட்டா: "அருள், இவர் கடைசியா உங்களிட்ட ஏதும் செய்யச்சொல்லிச் சொன்னவரோ?"

"இல்லையக்கா" எண்டு சொல்லிட்டு வெளியில வந்திட்டன். பொய்.

இல்லாத வரி

வெள்ளிக்கிழமை முழு அணியும் தகனத்தில நிண்டது. கார்த்திக் கடன் வாங்கின கறுப்புக் கோட்டோட நிண்டான். பெட்டியைப் பெடியள்தான் தூக்கினவை. மூண்டு மணிக்கு எதிர் அணி மைதானத்தில நிண்டிருக்கும். திங்கள் காலமை மின்னஞ்சல் வந்தது. மூன்றாம் தரம் வரவில்லை, அணி நீக்கப்படுகிறது, ஆடிய ஆட்டங்கள் கணக்கில் எடுக்கப்படமாட்டா. லீக்கின்ர இணையப் பக்கத்தைத் திறந்து பாத்தன். எங்கட பேர் இருந்த வரி இல்லை. அந்தப் பங்குனி மழை ஆட்டமும் இல்லை. முழங்காலில பட்ட கோலும் இல்லை.

ஆரூரன் முப்பத்தொராம் நாள் கிரியை முடிஞ்ச பிறகு கல்லூரிக்கு வந்தான். நான் படிக்கட்டில பல்ப் மாத்திக்கொண்டு நிண்டன். ஏணியால இறங்கி, எல்லாத்தையும் ஒண்டும் மறைக்காமல் சொன்னன். தகப்பன் சொன்னதையும் சொன்னன். ஏசுவான் எண்டு நினைச்சன், ஏசினால் நல்லம் எண்டும் நினைச்சன். அவன் ஏசேல்லை. ஏணியைப் பிடிச்சபடி சொன்னான்: "கேட்டிருக்கலாமே அங்கிள். பென்சன் கந்தோர், வங்கி, காப்புறுதி எல்லாத்துக்கும் வேணுமெண்டு அப்பவே பத்துக் கொப்பி எடுத்தனான், வீட்டில இன்னும் நாலு சும்மா கிடக்கு."

முப்பது வருசமா இந்த நாட்டில எல்லாக் கந்தோர் வாசலிலும் வெக்கமில்லாமல் நிண்டு பேப்பர் கேட்டு வாங்கின எனக்கு, கேட்டிருக்கவேண்டிய ஒரேயொரு பேப்பருக்குத்தான் மரியாதை தெரிஞ்ச மனுசன் மாதிரி நடக்க வந்தது.