பயம் எதுக்கு? வாங்க!

நாகேந்திரன் அண்ணனை உங்களுக்கு சுற்றுலா மந்திரியாத்தான் தெரிஞ்சிருக்கும். எனக்கு அவுரை சித்தூர்ல ஒரு ஓட்டை ஸ்கூட்டர்ல, முன்னாடி பசை வாளி, பின்னாடி போஸ்டர் கட்டுன்னு சுத்திக்கினு இருந்த காலத்துலருந்தே தெரியும். இப்ப ஆளாளுக்கு ஏதேதோ பேசறாங்க. சில பேரு அவுரை சாமின்றாங்க, சில பேரு பாவின்றாங்க. ரெண்டும் இல்ல. அவுரு ஒரு விளம்பரக்காரர். அதைப் புரிஞ்சிக்கினா மத்தது தானா புரியும்.

என் பேரு கன்னிகா. நகரிப் பக்கம். என் மூஞ்சியை நீங்க பார்த்திருக்க மாட்டீங்க. ஆனா சித்தூரு, பாகாலா, திருப்பதின்னு எந்த பஸ் ஸ்டாண்டுல நின்னிருந்தாலும் என் குரலைக் கேட்டிருப்பீங்க. ஆட்டோ மேல ஸ்பீக்கர் கட்டிக்கினு தெருத்தெருவா போவாங்களே, அதுல பேசறது நான்தான். தமிழ்லயும் நான், தெலுங்குலயும் நான்.

இருபது வருஷத்துக்கு முன்னாடி, வூட்டுக்காரர் போய்ச் சேர்ந்து ஆறு மாசம், இடுப்புல ரெண்டு வயசு காவ்யா. அண்ணனோட ஆபீசுக்கு வேலை கேட்டுப் போனேன். ஆபீசாம் ஆபீசு! ஜெராக்ஸ் கடைக்கு மேல ஒரு ரூம். அவுரு ஒரு பேப்பரைக் குடுத்து மைக்குல படிக்கச் சொன்னாரு. பல் டாக்டர் விளம்பரம். எனக்குக் கை கால் வெலவெலத்துப் போச்சு. ஆனா பாருங்க, மைக்கைப் புடிச்சதும் குரல் தேனா மாறிடிச்சு. எப்பிடின்னு எனக்கே தெரியாது. கை நடுங்குது, குரல் நடுங்கல.

"ஏம்மா, உடம்பு பூரா பயம், குரல்ல ஒரு சொட்டு இல்லியே!"ன்னு சிரிச்சாரு. "நாளைக்கே வந்துடு."

நான் சரியான பயந்தாங்கொள்ளிங்க. பல்லிக்குப் பயம், லிஃப்டுக்குப் பயம், கணுக்காலுக்கு மேல தண்ணி வந்தா பயம். அப்பேர்ப்பட்டவளை வெச்சுத்தான் அண்ணன் ஊர் பயத்தையெல்லாம் ஓட்டினாரு. அவுரு அடிக்கடி சொல்லுவாரு: "ஜனங்க வராததுக்கு ஒரே காரணம் பயம்தான், கன்னிகா. பயத்தை எடுத்துட்டா அவங்களே வருவாங்க." பல்லு புடுங்கப் பயம், கண் ஆபரேஷனுக்குப் பயம், இங்கிலீஷ் ஸ்கூலுக்குப் பயம். எல்லாத்துக்கும் கடைசியில ஒரே வரிதான். "பயம் எதுக்கு? வாங்க!" தெலுங்குல "பயமெந்துக்கு? ரண்டி!" திருப்பதி பொருட்காட்சி ராட்டினத்துக்குக் கூட்டம் சேர்த்ததே என் குரல்தான். நான் அதுல ஒரு நாளும் ஏறினதில்ல, ஏறவும் மாட்டேன்.

அண்ணனை ஏமாத்துக்காரர்னு நினைச்சுடாதீங்க. அந்தப் பல் டாக்டர் விளம்பரத்தை எழுதறதுக்கு முன்னாடி, அவுரு போயி தன் கடவாய்ப் பல்லு ஒண்ணைப் புடுங்கிக்கினு வந்தாரு. கன்னம் வீங்கிக்கினு, வாய்ல பஞ்சோட, "வலிக்கல கன்னிகா, இப்ப எழுதலாம்"னாரு. ராட்டினத்துல நாலு தரம் ஏறி, எறங்கி, வாந்தி எடுத்துட்டு வந்துதான் எழுதினாரு. தான் இறங்கிப் பார்க்காம இன்னொருத்தரை இறங்கச் சொல்லமாட்டாரு. அந்த மனுசனைத்தான் நான் கும்புட்டேன்.

அப்பால ஆபீசு திருப்பதிக்குப் போச்சு, ரோட்டோரம் பூரா அவுரு வெச்ச போர்டுங்கதான். வாயுள்ள புள்ள பொழைக்கும்னு சும்மாவா சொன்னாங்க? ஒரு கட்சிக்காரங்க தேர்தல் விளம்பரத்துக்குக் கூப்ட்டாங்க. அவங்களை ஜெயிக்க வெச்சாரு. அடுத்த தேர்தல்ல அவுருக்கே சீட்டு குடுத்தாங்க. ஜெயிச்சாரு, மந்திரியானாரு. எல்லாரும் மாலை போட்டாங்க. நான் வூட்டுல பாயாசம் காய்ச்சினேன். சொல்ல வெக்கம் இன்னா, என் சொந்த அண்ணனே மந்திரி ஆன மாதிரி அழுதேன்.

அவுரோட மொதல் பெரிய திட்டம் ஏழக்கா மடு. நாகலாபுரம் மலைப் பக்கம், காட்டு ஓடை பாறையிலருந்து விழுந்து தேங்கற எடம். பார்க்க அவ்ளோ அழகு. ஆனா எங்க பக்கத்து விவசாயி ஜனம் ஐப்பசி, கார்த்திகையில அங்க மாட்டைக்கூட இறக்காது. கீழ பளீர்னு வெயில் அடிக்கும், மேல மலையில மழை கொட்டிக்கினு இருக்கும். தண்ணி டீ நெறத்துக்கு மாறி சருகு மிதந்து வந்தா, மாட்டை ஓட்டிக்கினு கரை ஏறிடணும். அதுக்கப்பால எண்ணி அஞ்சு நிமிஷமோ பத்து நிமிஷமோ, அவ்ளோதான். இது அண்ணனுக்கும் தெரியும். சின்ன வயசுல அதே ஓடையில மாடு மேய்ச்சவரு அவுரு.

ஸ்டூடியோவுல பேப்பரைக் குடுத்தாரு. படிச்சுப் பார்த்துட்டு, "அண்ணா, சருகு வந்தா ஏறிடுங்கன்னு ஒரு வரி சேர்த்துக்கலாமா?"ன்னு கேட்டேன்.

"ஜாக்கிரதைன்னு ஒரு வார்த்தை வந்துட்டா அது விளம்பரம் இல்லம்மா, போலீஸ் போர்டு. அதெல்லாம் ஆளுங்க பார்த்துக்குவாங்க."

"நீங்க இறங்கிப் பார்த்தீங்களாண்ணா?"

அவுரு போனைப் பார்த்துக்கினே சொன்னாரு: "மந்திரிக்கு எங்கம்மா நேரம்? ட்ரோன்ல பார்த்தேன், சோக்கா கீது."

எனக்கு அது சரியாப் படல. ஆனாலும் மைக்கைப் புடிச்சேன். புடிச்சா இன்னா ஆகும்னுதான் உங்களுக்குத் தெரியுமே. தேனு. "ஏழக்கா மடு உங்களைக் கூப்பிடுது. பயம் எதுக்கு? வாங்க!"

நாலு நாள்ல அது எல்லா போன்லயும் ஓடிச்சு. ஸ்ரீசிட்டியில செல்போன் கம்பெனியில வேலை செய்யற என் பொண்ணு காவ்யா போன் பண்ணா. "ஞாயித்துக்கெழமை திறப்பு விழாவுக்கு எங்க லைன்ல கீற ஏழு பேரும் வர்றோம்மா."

"நீ வராதேடி. தண்ணியாண்ட உனக்கு இன்னா வேலை?"

"அடிப்பாவி அம்மா! ஊரையெல்லாம் வாங்கன்னு கூப்ட்டுட்டு என்னை மட்டும் வராதேன்றியே!" அவ சிரிச்சா. "எங்ககூட தருண்னு ஒரு பையன், வாலாஜாபாத்து. அவங்கம்மா விடவே மாட்டேன்னாங்களாம். உன் விளம்பரத்தை போன்ல போட்டுக் காட்டினானாம். 'இந்த அம்மா சொன்னா சரி, போயிட்டு வா'ன்னுட்டாங்களாம்."

பெருமையா இருந்துச்சு. பொய் சொல்லமாட்டேன், அந்த நிமிஷம் எனக்குப் பெருமையாத்தான் இருந்துச்சு.

ஐப்பசி மாசம், ஞாயித்துக்கெழமை காலையில பதினோரு மணி. வெயில் சுள்ளுனு அடிக்குது. கரையில மேடை, பந்தல், டிவிக்காரங்க. கீழ மடுவுல எரநூறு பேராவது இருப்பாங்க, கொழந்தைங்க, பொம்பளைங்கன்னு. மடுவைச் சுத்தி நாலு மரத்துல ஸ்பீக்கர் கட்டி, மெமரி கார்டுல என் குரலைப் போட்டு விட்டிருந்தாங்க. நிக்காம ஓடிக்கினே இருந்துச்சு. பயம் எதுக்கு, வாங்க. பயம் எதுக்கு, வாங்க. நான் மேடையில இன்னொரு மைக்கோட, விழாவுக்கு வந்தவங்களை வரவேத்துக்கினு நின்னேன். கண்ணு மட்டும் காவ்யா மேலயே. மஞ்ச சுடிதார், இடுப்பளவு தண்ணி. அந்தாண்ட பாறை மேல, ஸ்பீக்கருக்கு நேர் கீழ, தருண் உக்காந்துகினு காலை ஆட்டிக்கினு இருந்தான். போனு நனைஞ்சிடப் போவுதுன்னு காவ்யா பையில குடுத்து வெச்சிருந்தான்.

மொதல்ல ஒரு சருகு வந்துச்சு.

அப்பால நாலு. அப்பால கொத்துக் கொத்தா. பாறையோரம் தண்ணி டீ நெறத்துக்கு மாறிக்கினு வருது. ஓடிப்போயி அண்ணன் காதுல சொன்னேன்: "அண்ணா, சருகு."

அவுரு திரும்பித் தண்ணியைப் பார்த்தாரு. அவுருக்குப் புரிஞ்சுபோச்சு, அவுரு மூஞ்சியில பார்த்தேன். அப்பால கேமராங்களைப் பார்த்தாரு.

"ரெண்டே நிமிஷம் கன்னிகா. ரிப்பன் வெட்டிடறேன். இப்ப கத்தினா ஜனங்க மிதிபட்டுச் சாவாங்க."

"என் பொண்ணு உள்ள கீறாண்ணா!"

அவுரு கத்திரிக்கோலைக் கையில வாங்கினாரு. நான் மைக்குல கத்தினேன். "வெளிய வாங்க, எல்லாரும் வெளிய வாங்க, வெள்ளம் வருது!" ஐயோ, எப்பிடிச் சொல்லுவேன்! அதுவும் தேனாத்தான் வந்துச்சு. இருபது வருஷப் பழக்கம். மரத்துலருந்து அதே குரல் "பயம் எதுக்கு? வாங்க!"ங்குது, மேடையிலருந்து அதே குரல் "வெளிய வாங்க"ங்குது. ஜனங்க ஏதோ வேடிக்கைன்னு நெனைச்சுக்கினு கை தட்டறாங்க. ஒருத்தன் விசிலடிச்சான். காவ்யா என்னைப் பார்த்துக் கை ஆட்டினா.

மைக்கை வீசிட்டு ஓடினேன். கணுக்கால் தண்ணிக்கே பயப்படறவ, பட்டுப் பொடவையோட மடுவுல இறங்கினேன். முட்டி, தொடை, இடுப்பு. "அடியே காவ்யா! வெளிய வாடி! செத்துப்போயிடுவோம்டி!" அப்ப வந்த குரல் வேற. மாடு கத்தற மாதிரி. பெத்த பொண்ணே அந்தக் குரலைக் கேட்டதில்ல. அவ மூஞ்சி வெளுத்துப்போச்சு. என்னைப் பார்த்த ஒரு பொம்பளை கொழந்தையை வாரிக்கினு ஓடினா. அவளைப் பார்த்து இன்னொருத்தி. குரலைக் கேட்டு யாரும் நம்பலீங்க, என் மூஞ்சியைப் பார்த்துத்தான் நம்பினாங்க.

அதுக்கப்புறம்தான் அண்ணன் ஓடினாரு. ஜெனரேட்டர் வயரை அவுரே புடுங்கி எறிஞ்சாரு. ஸ்பீக்கரெல்லாம் செத்துப்போச்சு. அந்த அமைதியிலதான் எல்லாருக்கும் கேட்டுச்சு, மலை மேல லாரி லாரியா கல்லு கொட்டற சத்தம். அது எப்பலருந்தோ வந்துகினுதான் இருந்திருக்குது. என் குரல்தான் அதை மூடிக்கினு இருந்துச்சு.

காவ்யாவை இழுத்துக்கினு ஏறி, கரையில கெடந்து திரும்பிப் பார்த்தேன். தருண் பாறை மேல எழுந்து நின்னான். நாங்க கத்தினது அவனுக்கு அப்பத்தான் கேட்டிருக்கணும். நடுவுல தண்ணி. இந்தப் பக்கம் ஒரு அடி வெச்சான், திரும்பிப் பாறையிலயே ஏறினான். ஒரு நிமிஷம் இருந்தான். அடுத்த நிமிஷம் அந்தப் பாறையே இல்ல.

மூணு மணிக்கு, ஒன்றரை கிலோமீட்டர் கீழ, முள்ளுல மாட்டிக்கினு கெடந்தவனைக் கண்டுபுடிச்சாங்க. எரநூறு பேரும் பொழைச்சாங்க, அவன் ஒருத்தன் தவிர. ரெண்டு நிமிஷம்னு சொன்னாரே அண்ணன், அந்த ரெண்டு நிமிஷம் அவனோடது.

எங்களை காட்டு இலாகா பங்களாவுல உக்கார வெச்சிருந்தாங்க. அண்ணன் ஈர வேட்டியோட சுவத்துல சாஞ்சுகினு, பல்லு கிடுகிடுன்னு ஆட உக்காந்திருந்தாரு. பயம்னா இன்னான்னு அவுரு மூஞ்சியில அன்னிக்குத்தான் பார்த்தேன். காவ்யா பைக்குள்ள தருணோட போன் அடிச்சுது. நின்னுச்சு. திரும்ப அடிச்சுது. 'அம்மா'ன்னு வந்துச்சு. காவ்யா எடுக்கமாட்டேன்னு தலையைத் தலையை ஆட்டினா.

"நான் பேசட்டுமாண்ணா, நீங்க பேசறீங்களா?"

அண்ணன் நிமிர்ந்து பார்க்கல. "நீயே பேசும்மா. உன் குரல்ல சொன்னா தாங்கிக்குவாங்க. என்னால முடியாது."

எனக்கு வந்துச்சே கோவம்! "பல்லைப் புடுங்கிக்கினு வந்து எழுதின நாகேந்திரன் அண்ணன் எங்கண்ணா போயிட்டாரு?"ன்னு கேட்டேன். அவுரு மூஞ்சியை மூடிக்கினு அழுதாரு. போன் அடிச்சுக்கினே இருந்துச்சு. நான் எடுத்தேன்.

"தருணு? எங்கப்பா கீறே? டிவியில வெள்ளம்னு ஓடுதே..."

"அம்மா, நான் கன்னிகா பேசறேன். தருண்கூட வேலை செய்யற காவ்யாவோட அம்மா."

அந்தப் பக்கம் ஒரு மூச்சு விட்டாங்க. அப்பிடியே சிரிச்சுட்டாங்க. "நீங்களா? விளம்பரத்துல பேசறவங்கதானே? எனக்குத் தெரியும்மா இந்தக் குரலு. அப்பாடா! காலையிலருந்து உசுரே இல்லம்மா. இப்பத்தான் வந்துச்சு. பயப்பட ஒண்ணுமில்லேல்ல?"

வாயைத் திறந்தேன். போன் கையிலதான் கீது. தேனு வரல. கையில ஆடிக்கினு இருந்த நடுக்கம் மொதல் தடவையா குரலுக்கு ஏறிச்சு. "அம்மா..."ன்னேன். அதுக்கு மேல ஒரு வார்த்தை வரல.

அந்தப் பக்கம் சிரிப்பு நின்னுபோச்சு. வேற ஒண்ணும் நான் சொல்ல வேண்டியதா இல்ல.