பிறந்ததிலிருந்தே இருக்கும் மச்சம்

மார்கழிக் கடைசியில் ஒரு சனிக்கிழமை செஞ்சிக்குப் போனேன். ராஜகிரிக் கோட்டை மலை ஏறுவது ஒரு சாக்கு. பக்கத்துச் சிங்கவரத்தில் நிலக்கடலை பயிரிடும் பெரியம்மா மகள் வசந்தா அக்காவைப் பார்த்துப் பல வருடமாயிற்று. சென்னை கிளாம்பாக்கத்தில் காலை ஐந்து மணி பஸ், திண்டிவனம் வழி. ஒன்பதுக்கு முன்பே இறங்கிவிட்டேன். அக்கா பஸ் ஸ்டாண்டில் காத்திருந்தாள்.

கோட்டைக்கு நுழைவுச்சீட்டு இருபத்தைந்து ரூபாய். பனி முழுசாக விலகவில்லை. மலையின் அடிப்பாகம் தெரியாமல் உச்சி மட்டும் தனியாக மிதந்தது. தூக்கத்தில் நடப்பதுபோல் ஏறினோம். பாதி வழியில் அக்கா உட்கார்ந்து செருப்பைக் கழற்றினாள். உள்ளங்காலில் புளியங்கொட்டை அளவுக்குக் கறுப்பு, ஓரமெல்லாம் மை ஊறினாற்போல்.

“இன்னாக்கா இது?”

“மச்சம்டி. உள்ளங்கால்ல இருந்தா ஊர் சுத்துவாங்களாம். நான் திண்டிவனமே தாண்டல! இப்பதான் கொஞ்சம் வலிக்குது.”

சிரித்தேன். ஆனால் மேலே ஏற மனசில்லை. இறங்கிவிட்டோம்.

கடைவீதிப் பக்கம் ஒரு தோல் டாக்டர் சனிக்கிழமைகளில் வருகிறார். அக்காவை அவரிடம் கூட்டிப் போனேன். கட்டணம் முந்நூறு. லென்ஸ் வைத்துப் படம் எடுத்து, தோலைப் பார்த்துக் கணிப்புச் சொல்லும் கம்ப்யூட்டர் புரோகிராமில் ஏற்றினார். எத்தனை நாளாக இருக்கிறது என்று நர்ஸ் கேட்டார்.

“பொறந்ததுல இருந்தே,” என்றாள் அக்கா. நர்ஸ் அதையே தட்டினார்.

திரையில் பச்சை வந்தது: புற்றுநோய்ச் சந்தேகம் குறைவு. டாக்டர் மட்டும் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். “இது யோசனைதான் சொல்லும். நல்லா ஞாபகப்படுத்திச் சொல்லுங்கம்மா, சின்ன வயசுலயே இருந்துதா?”

எனக்கு அக்காவின் கல்யாணத்துக்கு முந்தின நாள் கண்ணுக்குள் வந்தது. அவள் காலை மடியில் வைத்து மருதாணி இட்டவள் நான். வெளுத்த, சுத்தமான உள்ளங்கால்.

“அப்ப இது இல்ல டாக்டர்.”

அக்கா விழித்தாள். “மச்சம்னா பொறந்ததுல இருந்துதானே இருக்கும்? யாரு பாத்துது?”

டாக்டர் அந்த ஒரு வரியை மாற்றினார். பச்சை சிவப்பானது. திங்களன்றே பாண்டிச்சேரி பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லி எழுதிக் கொடுத்தார்.

புற்றுநோய்தான். பரவவில்லை, வெட்டி எடுத்துவிட்டார்கள். அக்கா இப்போது வயலுக்குப் போகிறாள்.

செஞ்சிக்குப் போகிறவர்கள் ஒன்பது மணிக்கே ஏறத் தொடங்குங்கள், தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். தோல் டாக்டரிடம் போனால் மச்சம் என்று சொல்லாதீர்கள். கறுப்பாக இருக்கிறது, இன்ன காலத்தில்தான் பார்த்தேன் என்று மட்டும் சொல்லுங்கள். அன்று பச்சையைப் பார்த்ததும் நிம்மதியாகி, திரும்பும் பஸ்ஸுக்கு நேரம் பார்க்கப் போனை எடுத்தவள் நான். டாக்டர் இன்னொரு தரம் கேட்காமலிருந்தால் நாங்கள் எழுந்து வந்திருப்போம்.