ரிங்லெட்டுக்கு ஒரு நாள் அனுமதி

2021 ஜூன். மலேசியாவில் கோவிட் அவசரகாலம். மாநில எல்லைகள் மூடிக் கிடந்தன. தாப்பாவிலிருந்து ரிங்லெட் நாற்பத்தைந்து கிலோமீட்டர்தான். ஆனால் தாப்பா பேராக்கில், ரிங்லெட் பகாங்கில். அங்கே ஒரு தேயிலைத் தோட்டத்தில் மருந்தடிக்கும் வேலை பார்த்த என் அண்ணன் கணேசன் ஞாயிற்றுக்கிழமை நெஞ்சுவலியில் இறந்துவிட்டார். போலிஸ் நிலையத்தில் கால் கடுக்க நின்று, இறுதிச் சடங்குக்கென ஒரு நாள் அனுமதி வாங்கினேன்.

திங்கள் காலை ஏழு மணிக்கு, காய்கறி ஏற்றும் மணியத்தின் லோரியில் ஏறினேன். ரிங்லெட்டைத் தாண்டிக் கோலா தெர்லாவுக்கு முட்டைக்கோஸ் ஏற்றப் போகும் காலி லோரி. வளைவுக்கு வளைவு பனி. அருவியோரக் கடைகள் எல்லாம் தார்ப்பாய் போர்த்திக் கிடந்தன.

"அக்கா, நீங்க லோயர் ஆபிஸ்ல வேலை செய்றீங்க. இந்த ரூல்ஸ்லாம் நெஜமாவே சட்டமா, இல்ல சும்மா பயமுறுத்துறாங்களா?" என்று கேட்டார் மணியம்.

"சட்டம்தான். அரசாங்கக் கெஸட்ல போட்டாச்சு. மீறினா பத்தாயிரம் வெள்ளி வரைக்கும் ஃபைன்."

"அப்போ சீக்கு வந்தா?"

"அதுக்கு விலக்கு இருக்கு. ஆஸ்பத்திரிக்குப் போறவங்கள யாரும் தடுக்க முடியாது."

எல்லைத் தடுப்பில் போலிஸ்காரர் அனுமதியைப் பார்த்தார், வருத்தம் தெரிவித்தார், போகச் சொன்னார். சட்டத்தின் மேல் எனக்கு மரியாதையே வந்தது.

ஒன்பது மணிக்குத் தோட்டத்து கேட்டில் இறங்கினேன். சாலையை அடைத்து ஒரு இரும்புக் கம்பம். காவலுக்கு நின்ற செல்வா, அண்ணனுக்குப் பக்கத்து வீட்டுக்காரன். அனுமதியைக் கையில் வாங்கக்கூட இல்லை. கம்பத்தைத் தூக்கிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான். ஏன் என்று தொழிலாளர் லைன் வீட்டில் மல்லிகா அண்ணி சொன்னபோதுதான் தெரிந்தது.

"வலிக்குதுன்னாரு. லைன்ல ஒருத்தர் கார்ல ஏத்தி கேட்டுக்குப் போனோம். மேனேஜர் துரை சொல்லாம லைனை விட்டு யாரும் வெளிய போகக்கூடாதுன்னு ஆர்டராம். செல்வா துரைக்கு போன் அடிச்சான், அடிச்சான், எடுக்கவே இல்ல. மீறிப் போனா போலிஸ் பிடிக்கும்னு எல்லாரும் பயந்துட்டாங்க. தானா ராத்தா ஆஸ்பத்திரியிலருந்து ஆம்புலன்ஸ் வர்றதுக்குள்ள கார்லயே..."

பிறகு என் பக்கம் திரும்பிக் கேட்டார்: "நீ சொல்லு. அது சட்டமா?"

பொய் சொல்லியிருக்கலாம். சொல்ல வாய் வரவில்லை. "இல்ல அண்ணி. ஆஸ்பத்திரிக்குப் போக யார்கிட்டயும் கேட்க வேண்டியதில்ல. அது துரை போட்ட ஆர்டர், அவ்வளவுதான்."

அண்ணி அழவில்லை. சுவரில் சாய்த்து வைத்திருந்த கொழுந்துக் கூடையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பகல் ஒரு மணிக்குத் தேயிலைச் சரிவின் கீழே அண்ணனைப் புதைத்தோம். கூட்டம் கூடாது என்பதால் சுமக்க வேண்டியவர்கள் மட்டும் வந்தார்கள். வீடு திரும்பியதும் அண்ணி சேலை மாற்றிக்கொண்டு புறப்பட்டார். காரியம் முடியாமல் படி தாண்டக்கூடாது என்று பெண்கள் மறித்தார்கள். "ரிப்போட் கொடுக்கப் போறேன், விடுங்க" என்றார். ரிங்லெட் போலிஸ் நிலையத்துக்கு நான்கு கிலோமீட்டர், இருவரும் நடந்தே போனோம்.

அங்கிருந்த மலாய் அதிகாரி நல்லவர். நாற்காலி போட்டார், தண்ணீர் கொடுத்தார். துரையின் உத்தரவு எழுத்தில் இருக்கிறதா என்று கேட்டார். இல்லை, வாய்ச்சொல்தான். அப்படியானால் கம்பத்தை இறக்கி வைத்திருந்தது யார் என்றார். தடுத்தவர் பெயர் வேண்டுமாம்.

அண்ணி என் பக்கம் சாய்ந்து தமிழில் மெதுவாகக் கேட்டார். "செல்வா பேரைச் சொன்னா அவனைத்தானே பிடிப்பாங்க?"

"முதல்ல அவனைத்தான் பிடிப்பாங்க."

"துரை?"

"அப்படி நான் சொல்லவே இல்லன்னுடுவாரு."

செல்வாவின் மனைவிதான் முந்தின நாளிலிருந்து அண்ணி வீட்டு அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் அண்ணி துரையின் பெயரை மட்டும் சொன்னார். தடுத்த ஆள் யாரென்று தெரியாது என்றார். அதிகாரி எழுதிக்கொண்டார். இதை வைத்து வழக்கு எதுவும் நிற்காது என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

தனி மனிதரை இந்தக் கட்டுப்பாடுகள் கட்டுமா என்று சட்டத்தைப் புரட்டிப் பார்ப்பவர்கள் நகரத்தில் இருக்கிறார்கள். சட்டம் என் அண்ணனை எங்கேயும் கட்டவில்லை. துரை கொடுத்த வீடு, துரை கொடுத்த வேலை, துரையின் வாய்ச்சொல், இவைதான் கட்டின. அதற்குக் கெஸட் தேவைப்படவில்லை.

ஐந்து மணிக்குத் தோட்டத்து கேட்டுக்குத் திரும்பினோம். இருட்டுவதற்குள் நான் எல்லையைத் தாண்டியாக வேண்டும். செல்வா கம்பத்தைத் தூக்கினான். ரிப்போட் கொடுத்தது அவன் காதுக்கு எட்டியிருந்தது.

"அக்கா, என் பேரு..."

"சொல்லல," என்றார் அண்ணி. "நாளைக்கு நான் வேலைக்கு வரணுமான்னு கணக்கெழுதுற கிராணிகிட்ட கேட்டு வை." குனிந்த தலையோடு உள்ளே நடந்தார்.

மணியம் வருவதற்காகச் சாலையோரம் நின்றேன். பெட்டி பெட்டியாகத் தேயிலை ஏற்றிய லோரி ஒன்று உள்ளேயிருந்து வந்தது. செல்வா யாருக்கும் போன் அடிக்கவில்லை. கம்பத்தைத் தூக்கி வழிவிட்டான்.