அப்பா பிளக்கைப் பிடுங்கிய பாட்டு

கௌபாய் தொப்பி போட்ட தமிழர் ஒருவரை நான் முதன்முதலாகப் பார்த்தது ஒரு சர்ச் பிக்னிக்கில். அது என் சித்தப்பா என்று தெரிந்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கையிலிருந்த சோளக்கதிர் புல்லில் விழுந்துவிட்டது.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. டெக்சாஸில் ரிச்சர்ட்சனில் இருந்தோம். எனக்கு ஒன்பது வயது. சித்தப்பா மாஸ்டர்ஸ் படிக்க வந்து எங்கள் வீட்டு மாடியறையில் தங்கியிருந்தார். சனிக்கிழமை தவறாமல் லேபுக்குப் போகிறேன் என்று கிளம்புவார். பிள்ளை பசியோடு படிக்கக் கூடாதென்று அம்மா டப்பா நிறைய லெமன் ரைஸ் கட்டிக் கொடுப்பாள். அதை ஒரு கண்ட்ரி ராக் பேண்டே உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தது என்பது அவளுக்கும் அன்றைக்குத்தான் தெரிந்தது.

ஞாயிறு மதியங்களில் ஓர் அமெரிக்கச் சர்ச்சின் ஹாலை இரவல் வாங்கி எங்கள் தமிழ்ச் சபை ஆராதனை நடத்தும். அப்பாதான் பாடகர் குழுவை நடத்துபவர். டிரம்ஸ் என்றாலே அவருக்கு ஆகாது. தபேலாவையே பின்வரிசையில்தான் உட்காரவைப்பார். அந்த அமெரிக்கர்கள் தங்கள் கோடை பிக்னிக்குக்கு எங்களையும் அழைத்திருந்தார்கள். அந்தப் பக்கம் பார்பிக்யூ புகை, இந்தப் பக்கம் பிரியாணி, நடுவில் ஒரு டிரெய்லரை நிறுத்தி மேடை ஆக்கியிருந்தார்கள்.

மேடையில் ஐந்து பேர். சித்தப்பா முன்னால் இஸ்திரி மேஜை மாதிரி ஒரு கிடார். அதில் பத்துக் கம்பிகள், காலடியில் பெடல்கள். ஊரில் சர்ச்சில் ஹவாயன் கிடார் வாசித்தவர் என்று தெரியும். அந்த விரல்கள் இங்கே இந்தக் கருவியைக் கண்டுபிடித்துவிட்டன என்பதுதான் தெரியாது. இடது கையில் இரும்புத் துண்டை வைத்து அவர் இழைத்தபோது, அந்தச் சத்தம் யாரோ மூக்கை உறிஞ்சிக்கொண்டு பாடுவது போல் இருந்தது.

பாடகர் தாடிக்காரர், லாரி மெக்கானிக். தங்கள் இசை எந்த ஓர் ஊருக்கும் சொந்தமில்லை என்றார். பிடில் அயர்லாந்திலிருந்து கப்பலேறியதாம்; தோல் போர்த்திய பேஞ்சோ ஆப்பிரிக்க அடிமைகளோடு வந்ததாம்; படுக்கவைத்து வாசிக்கும் கிடார் ஹவாயிலிருந்து. அழுவதற்குக் கண்ட்ரி, அதட்டுவதற்கு ராக், அவ்வளவுதான் தங்கள் ஸ்டைல் என்று சிரித்தார். அடுத்த பாட்டு இவருடைய அப்பா தந்தது என்று சித்தப்பாவைக் கைகாட்டினார்.

சித்தப்பா கிடாரில் இழைத்த முதல் வரியிலேயே எனக்குப் பிடிபட்டுவிட்டது. அது தாத்தா மெட்டமைத்த கீர்த்தனை. தாத்தா திருநெல்வேலிப் பக்கம் பள்ளிக்கூட வாத்தியார். இறந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. அதுவரை எங்கள் குடும்ப ஜெபத்தில் தினமும் பாடிய பாட்டை, அதற்குப் பிறகு அப்பா எடுக்கவே இல்லை. நான் காரணம் கேட்டதில்லை. ஒரு பாட்டு குறைந்தால் சாப்பாடு சீக்கிரம் வரும்.

இப்போது அதற்கு டிரம்ஸ் அடித்தார்கள். பேஞ்சோ தடதடவென்று ஓடியது. நன்றாக இருந்தது என்பதுதான் இன்னும் பெரிய அதிர்ச்சி. என் கால் தாளம் போட்டது, அமெரிக்கர்கள் கைதட்டினார்கள்.

"ஐயோ, இது நம்ம பாட்டுல்லா!" என்று ஒரு ஆன்ட்டி வாயில் கை வைத்தார்.

அப்பா எழுந்தார். ஃப்ரீவேயில் குறுக்கே வருகிறவனைப் பார்த்துக்கூட ஹாரன் அடிக்காத மனிதர். நேராக டிரெய்லருக்குப் பின்னால் போய் பிளக்கைப் பிடுங்கினார். கிடார் செத்தது. டிரம்ஸ்காரர் மட்டும் புரியாமல் இன்னும் இரண்டு அடி அடித்துவிட்டு நிறுத்தினார்.

"எங்க அப்பா பாட்டுல இது. அத வச்சா இங்க கூத்தடிக்க?"

சித்தப்பா தொப்பியைக் கழற்றினார். "எனக்கும் அப்பாதான், அண்ணே." அத்தோடு விட்டிருக்கலாம். விடவில்லை. "அப்பா பெட்டியத் தூக்கும்போது நான்தான் இதப் பாடுனேன். நீங்க வரலயே."

தமிழ் தெரியாத அமெரிக்கர்கள்கூடத் தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டார்கள். அப்பா அடித்துவிடுவார் என்று நான் பயந்தேன். அவரோ பிளக்கை மெதுவாகத் தரையில் வைத்துவிட்டு காரை நோக்கி நடந்தார்.

காரில் அம்மாதான் பேசினாள். "கிரீன் கார்டு பேப்பர் உள்ள இருக்கையில அப்ப ஊருக்கு எப்படிப் போக முடியும்? போனா திரும்ப வர முடியாதுன்னு லாயர் சொன்னாரே. தம்பிக்குத் தெரியாதா?" ஒரு அட்டைக்கும் தாத்தாவின் அடக்கத்துக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்கு விளங்கவில்லை. சித்தப்பா சாப்பிட வருவாரா என்று ஆங்கிலத்தில் கேட்டேன்.

இரண்டு நாளில் சித்தப்பா மாணவர் குடியிருப்புக்குப் போய்விட்டார். எனக்கு அழுகை அடங்கவில்லை. சமையலறை மேஜையில் பேண்டின் கேசட் ஒன்றை வைத்துவிட்டுப் போயிருந்தார். அப்பா அதைக் குப்பையில் போடுவார் என்றே நினைத்தேன்.

அடுத்த சனிக்கிழமை மதியம் சைக்கிளை எடுக்க கராஜ் கதவைத் திறந்தேன். நின்றிருந்த காருக்குள் கண்ணாடிகளை ஏற்றிவிட்டு அப்பா உட்கார்ந்திருந்தார். உள்ளே சித்தப்பாவின் கேசட், அதே பாட்டு. கிடார் மேலே ஏறி, ஒரு நொடி நடுங்கி, இறங்கும் இடம் வந்ததும் நிறுத்தினார். பின்னால் ஓட்டி மறுபடி போட்டார். மறுபடியும். ஐந்தாறு தடவை. பாடகர் குழுவின் ஒத்திகை டேப்பையும் அவர் இப்படித்தான் ஓட்டி ஓட்டி, யார் சுதி விட்டார்கள் என்று பிடிப்பார்.

ஓடிப்போய் சித்தப்பாவுக்கு போன் பண்ணினேன். அப்பா கேசட்டை நிறுத்தி நிறுத்தி உங்கள் தப்பையெல்லாம் கண்டுபிடித்துக்கொண்டிருக்கிறார், இனிமேல் உங்களை வீட்டுக்குள் விடவே மாட்டார் என்று விம்மினேன்.

"எந்த இடத்துலம்மா நிறுத்துதாங்க?" என்றார்.

எனக்குத் தெரிந்த மட்டில் அந்த நடுக்கத்தைப் பாடிக் காட்டினேன். தாத்தா பாடும்போது அவர் குரல் அந்த இடத்தில் அப்படித்தான் நடுங்குமாம். இதை அம்மா எனக்குச் சொன்னது பல வருடம் கழித்து. அன்றைக்கு மறுமுனையில் சத்தமே இல்லை. ஹலோ ஹலோ என்று கத்திப் பார்த்தேன். லைன் கட்டாகிவிட்டது போலிருக்கிறது என்று ரிசீவரை வைத்துவிட்டேன்.