நாற்பதுக்கு நாற்பது

2024 மார்ச் 4: 1366 × 768
மார்ச் 11: 1024 × 768
ஜூன் 3: 1366 × 768

இவை ஓரிக்கை கலையரசியின் மடிக்கணினித் திரை காட்டிய பிக்சல் அளவுகள். பட்டுச்சேலைக்கு டிசைன் வரைவது அவள் தொழில். மார்ச்சில் லினக்ஸ் இயங்குதளத்தை மறுபடி நிறுவியபோது திரை கறுத்துப் போகவே, இணையத்தில் யாரோ சொன்னபடி 'நோமோட்செட்' என்ற சொல்லைத் துவக்கக் கோப்பில் சேர்த்தாள். திரை வந்தது, ஆனால் படம் அகலவாக்கில் இழுபட்டிருந்தது. அது தெரியாமல், கண்ணுக்கு வட்டமாகப் படும்படி அவள் வரைந்த காசு புட்டா என்ற நாணய வடிவப் பூவேலை, நெய்து பார்த்தபோது ஒடுங்கிப் போயிருந்தது.

"இன்னாமா, காசு கேட்டா முட்டை போட்டுக்கினு வந்துகிறே?" என்று சிரித்தார் நெசவாளர் சங்கச் செயலாளர். "அந்த ஓசி லினக்ஸைக் கடாசிட்டு எங்க கம்ப்யூட்டர்ல வரைம்மா. டிசைன் சங்கத்துப் பேர்ல இருக்கட்டும்."

"என் புட்டா என் பேர்லதான் சார் வரும். இதே லேப்டாப்லதான் வரும்."

வீட்டுக்கு வந்து புட்டாவின் கட்டங்களை எண்ணினாள். உயரம் நாற்பது, அகலம் முப்பது. திரையில் ஒரு கட்டத்தை ஸ்கேல் வைத்து அளந்தாள். அது சதுரமாகவே இல்லை. திரைதான் பொய் சொல்லியிருக்கிறது. தான் சேர்த்த அந்தச் சொல்லைக் கோப்பிலிருந்து அழித்துக் கணினியை மீண்டும் இயக்கினாள். இடையில் வந்திருந்த புதுப்பிப்புகளால் இம்முறை திரை கறுக்கவில்லை; தன் முழு அளவுக்கு விரிந்தது. காசை நாற்பதுக்கு நாற்பதாக வரைந்து, அடியில் தன் பெயரைப் பெரிதாக எழுதிச் சங்கத்துக்கே அனுப்பினாள்.

பெயரை நீக்கி அனுப்பும்படி சங்கத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. அதே டிசைனை அதே பெயரோடு திரும்ப அனுப்பினாள். பெயரோடு ஏற்றுக்கொண்ட கடைசிக் கடிதம் வந்த நாள் 2024 ஜூலை 18, வியாழக்கிழமை.