இடது கைகள்

பயிற்சிக் கல்லூரியில் அத்தனை பேருக்கும் அவள் அக்காதான். கூடப் படிப்பவர்களுக்கு இருபது, இருபத்தொன்று, அவளுக்கு முப்பத்தாறு. பதினொரு வருஷம் துணி ஃபேக்டரியில் செக்கிங் மேஜையில் நின்றவள். சட்டையைப் புரட்டிப் பார்த்து, தையல் விட்ட இடத்தில் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டித் தள்ளிவிடுவது வேலை. டீச்சராக வேண்டும் என்ற ஆசை அவளை விட்டபாடில்லை. ஒருநாள் வேலைக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் படிக்க வந்துவிட்டாள்.

எழுத்துத் தேர்வுகளை ஊதித் தள்ளிவிட்டாள். மாட்டிக்கொண்டது பாடம் நடத்திக் காட்டும் தேர்வில். தேர்வாளர் பின்னால் உட்கார்ந்திருக்க, நிஜ வகுப்பில் நாற்பது நிமிஷம். முதல் தடவை அவள் கேட்ட எந்தக் கேள்விக்கும் ஒரு கைகூட எழவில்லை. இரண்டாம் தடவை அந்தப் பயத்தில் கேள்வியையும் பதிலையும் தானே சொல்லி, இருபது நிமிஷத்தில் முடித்துவிட்டு, மீதி நேரம் சாக்பீஸை உருட்டிக்கொண்டு நின்றாள். மொத்தம் மூன்று வாய்ப்புதான் தருவார்கள். இதுவும் போனால் இரண்டு வருஷப் படிப்பும் வீண்.

"போனா போகட்டும் விடு. சூப்பர்வைசர் நேத்துகூட உன் இடம் காலியாத்தான் இருக்குன்னு சொன்னாரு," என்றான் கணவன், இரண்டாம் தடவை தோற்ற மறுநாள் காலை அவள் கிளம்பும்போது. தைரியம் சொல்வதாக அவனுக்கு நினைப்பு. அவள் பையை எடுத்துக்கொண்டு விறுவிறுவென்று வாசலிறங்கினாள்.

ஒவ்வொரு பயிற்சிப் பாடத்துக்கும் சிந்தனைக் குறிப்பேட்டில் ஒரு பக்கம் எழுதியாக வேண்டும். ஊக்கம், விடாமுயற்சி, தோல்வியிலிருந்து கற்றது. தோல்வியைப் பற்றி அக்கா எழுதாத நல்ல வாக்கியம் கிடையாது. தோல்வி நேரில் வந்தபோதுதான் ஒரு வாக்கியமும் உதவிக்கு வரவில்லை.

உதவிக்கு வந்தது கூடப் படிக்கும் ஒரு பெண். எதற்கெடுத்தாலும் ஒரு வழி வைத்திருப்பதால் அவளுக்கு ஐடியா என்றே பேர். "அக்கா, எல்லாப் பிள்ளைங்களும் கை தூக்கணும். பதில் தெரிஞ்சா வலது கை, தெரியலைன்னா இடது கை. நீங்க வலது கையை மட்டும் கேளுங்க. பின்னாடி இருக்கறவருக்கு எல்லாம் கைதான்."

அக்காவுக்கு உறுத்தாமல் இல்லை. ஆனால் பயம் அதைவிடப் பெரிதாக இருந்தது. தேர்வு நடக்கப்போகும் வகுப்பிலேயே பன்னிரண்டு நாள் பிள்ளைகளைப் பழக்கினாள். அவர்களுக்கு அது விளையாட்டு. இடது கை தூக்குகிறவர்கள் மட்டும் தினமும் அதே ஒன்பது பேர். மூன்றாவது வரிசையில், பென்சிலைக் கடித்துக் கடித்துத் துரும்பாக்கும் ஒரு சிறுமி அதில் ஒருத்தி. பென்சில் என்றுதான் அவளை வகுப்பே கூப்பிடும்.

தேர்வாளர் அக்காவைவிட இளையவர். கடைசி பெஞ்சில் உட்கார்ந்து கடிகாரத்தைக் கழற்றி முன்னால் வைத்தார். பாடம், கடன் வாங்கிக் கழித்தல். அக்கா கேள்வி கேட்டாள். முப்பத்திரண்டு கைகளும் குப்பென்று எழுந்தன. அவர் தலையை ஆட்டி எதையோ குறித்துக்கொண்டார். அக்காவுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

முப்பத்து நான்காவது நிமிஷம். பலகையில் 402, அதன் கீழே 178. "யாரு வந்து போடறீங்க?" கைகள் எழுந்தன. மூன்றாவது வரிசையைப் பார்த்தவளுக்குத் திக்கென்றது. பென்சில் தூக்கியிருந்தது வலது கை.

கை மாறிப் போச்சா? அப்படித் தெரியவில்லை. பிள்ளை இடது கையால் அந்த வலது முழங்கையைத் தாங்கிப் பிடித்திருந்தது. பக்கத்திலேயே வகுப்பின் கெட்டிக்காரன் வலது கையைத் துள்ளத் துள்ள ஆட்டிக்கொண்டிருந்தான். அவனைக் கூப்பிட்டால் தேர்வு நல்லபடியாக முடிந்துவிடும். தேர்வாளர் நிமிர்ந்து பார்த்தார். பன்னிரண்டு நாள் இல்லாத கை இது, இன்றைக்குப் பார்க்காமல் விட்டால் இனி எழாது என்று அக்காவுக்குத் தோன்றியது.

"நீ வாம்மா," என்றாள் பென்சிலை.

பிள்ளை வந்து எழுதியது. 234. வகுப்பில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். கெட்டிக்காரன் பெஞ்சை விட்டே எழுந்துவிட்டான். நாலு நிமிஷம் பாக்கி.

"எப்படிப் போட்ட, சொல்லு."

"ரெண்டுல எட்டு போகாது டீச்சர். பக்கத்துல கேட்டா அங்க சைபர். சைபர் போயி நாலுகிட்ட வாங்கி பத்தாயிடுச்சு."

"சரி. அப்புறம் இந்த ரெண்டுக்குக் குடுத்துச்சா?"

"குடுத்துச்சு."

"குடுத்த பிறகு அதுகிட்ட எவ்வளவு இருக்கு?"

பிள்ளை பலகையில் அந்தச் சைபரை விரலால் தொட்டுப் பார்த்தது. ஒரு நிமிஷம் போயிற்று, இன்னொன்றும் போயிற்று. பதில் அக்காவின் நாக்கு நுனியில் நின்றது, பல்லைக் கடித்துக்கொண்டாள். தேர்வாளர் கடிகாரத்தைக் கையில் எடுத்தார். மணி அடித்தது.

"ஒம்பது," என்றது பென்சில், மணிச் சத்தத்தோடு சத்தமாக. மூன்றை அடித்துவிட்டுப் பக்கத்தில் இரண்டு போட்டது.

பிள்ளைகள் மைதானத்துக்கு ஓடியதும் தேர்வாளர் மதிப்பெண் தாளோடு முன்னால் வந்தார். "கேட்ட கேள்விக்கெல்லாம் அத்தனை கையும் மேல. மாணவர் பங்கேற்புக்குப் பத்துக்கு ஒம்பது போட்டிருக்கேன். கடைசியிலதான் சொதப்பிட்டீங்க. அந்தப் பொண்ணைக் கூப்பிட்டிருக்கவே கூடாது. தவறு திருத்தலுக்கு ரெண்டுதான். பரவாயில்ல, மொத்தம் அம்பத்தாறு. பாஸ். குறிப்பேடு எழுதிக் குடுங்க, கையெழுத்துப் போட்டுடறேன்."

அம்பது எடுத்தால் போதும். அக்கா பேனாவை எடுத்தாள். தோல்வியைப் பற்றிய வாக்கியங்கள் வரிசை கட்டி நின்றன. பலகையில் அந்த அடித்த மூன்று அப்படியே இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே வலது கை, இடது கை, ஐடியாவின் பேர் மட்டும் இல்லாமல் எல்லாவற்றையும் எழுதி நீட்டினாள்.

அவர் இரண்டு தடவை படித்தார். முகம் இறுகிப் போயிற்று. "எழுதாம இருந்தா எனக்குத் தெரிஞ்சே இருக்காது."

"தெரியும் சார்."

அவர் ஒன்பதை அழித்து இரண்டு போட்டார். மறுபடி கூட்டினார். "நாப்பத்தொம்பது. ஒரு மார்க்ல போச்சு."

செக்கிங் மேஜை அக்காவின் கண்முன் வந்து நின்றது. பேனாவை மூடினாள்.

"சார், கூப்பிடவே கூடாதுன்னு சொன்னீங்களே, அந்தக் கடைசி அஞ்சு நிமிஷம். அதை மட்டும் இன்னொரு தடவை பாருங்க."

"ஏன்?"

"இன்னைக்கு நான் நடத்துன பாடம் அது ஒண்ணுதான் சார்."

அவர் பலகையைத் திரும்பிப் பார்த்தார். பிறகு தவறு திருத்தல் என்று இருந்த இடத்தில் இரண்டை அழித்துவிட்டு, ஆறு என்று எழுதினார்.