உள்தாழ்ப்பாள்

"பிரிட்ஜுக்கு மேல பாரு, நீல மூடி டப்பா. அதுக்குப் பின்னால." கண் சுவரில், தூரிகை கையில், போன் தோளுக்கும் காதுக்கும் நடுவில். மகன் தாஸுக்குச் சீப்பு கிடைத்துவிட்டது. சற்று முன் கணவர் குணசேகர் நகவெட்டியைத் தேடினார். தமயந்தி வீட்டில் எல்லாருக்கும் கண் நன்றாகத்தான் தெரியும். ஆனாலும் எந்தப் பொருளும் அவர் வாயால் சொன்னால்தான் அகப்படும்.

தங்கவயலில் பிறந்து, லிங்கராஜபுரத்தில் புடவைக்கு ஃபால்ஸ் தைப்பவர் தமயந்தி. கொரோனா காலத்துத் தனிமையைப் பெண்களே வரையட்டும் என்று சமுதாயக் கூடத்துச் சுவரைக் கேட்டு வாங்கியவள் தீபிகா, ஐ.டி.யில் வேலை பார்க்கும் பெண். ஆளுக்கொரு கட்டம். மற்றவர்கள் ஜன்னல் கம்பியையும் கண்ணீரையும் வரைந்தார்கள். தமயந்தி வரைந்தது சாத்திய கதவு, கட்டில், அதில் காலை நீட்டிப் படுத்திருக்கும் ஒரு பெண்.

அவருக்குக் காய்ச்சல் வந்து உள்ளறையில் ஒதுக்கப்பட்ட இரண்டு வாரம் அது. தொடக்கத்தில் வீட்டார் கதவுக்கு வெளியே நின்று, "உப்பு எங்க கீது?" என்று கேட்டார்கள். உள்ளிருந்து இருமல்தான் வந்தது. வேறு வழியில்லாமல் அவர்களே தேடி எடுத்துக்கொண்டார்கள்.

"செத்துருவேனோன்னு பயந்தேன், இல்லன்னு சொல்லல. ஆனா கல்யாணம் ஆனதுக்கப்புறம் அப்பதாம்மா முழுசா தூங்கனேன். வெளிய சொன்னா காறித் துப்புவாங்க" என்பார் தீபிகாவிடம். சொல்ல முடியாததை வரையலாம் என்றுதான் வந்தார். அதற்கும் விட்டால்தானே.

தீபிகா விடவில்லை. "பாக்கறவங்களுக்கு ஒரு நம்பிக்கை வேணும், ஆன்ட்டி. கதவைக் கொஞ்சம் திறந்து வைங்களேன்." சின்னப் பெண் கெஞ்சுகிறாளே என்று விரலளவு இடுக்கு விட்டு, மஞ்சள் வெளிச்சமும் பூசினார். அன்றிலிருந்து அந்த இடுக்கைப் பார்க்கும்போதெல்லாம் பற்றிக்கொண்டு வருகிறது. "இவ்ளோ எடம் போதும்மா, தலைய உட்டு எண்ணெ எங்கன்னு கேப்பாங்க."

நாளை திறப்பு விழா. வீட்டார் எல்லாரும் வருகிறார்கள். அதற்குப் பிறகு சுவரில் கை வைக்கக் கூடாது என்று ஏற்பாடு. இன்றைக்கு தீபிகா புதிதாக ஒன்று சொன்னாள்: "அந்த முகத்துல மட்டும் லேசா சோகம் வந்தா நல்லாருக்கும், ஆன்ட்டி."

தமயந்தி வாயைத் திறப்பதற்குள் போன் அடித்தது. குணசேகர். "ஏ தமயா, கேஸ் லைட்டரு எங்க கீது?"

தமயந்தி போனை தீபிகாவின் கையில் வைத்தார். "ஹலோ அங்கிள்" என்று அவள் தடுமாறிக்கொண்டிருக்க, தமயந்தி அடர்ந்த பழுப்பில் தூரிகையைத் தோய்த்து மஞ்சள் இடுக்கை மேலிருந்து கீழ்வரை அடைத்தார். பிறகு கறுப்பை எடுத்து, கதவின் உட்பக்கத்தில் ஒரு தாழ்ப்பாளைப் போட்டார்.